எம்.ஏ. வரலாறு முடித்தாயிற்று, மியூசியத்தில் வேலை பார்க்க இன்னொரு பட்டம் வேண்டுமா?

கேட்டவர் மதுரைக்காரர். எம்.ஏ. வரலாறு முடித்திருக்கிறார். அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராக, அதாவது க்யூரேட்டராக வேண்டும் என்று ஆசை. அதற்காக மியூசியாலஜி (அருங்காட்சியகவியல்) என்று இரண்டாவதாக ஒரு முதுகலை படிக்க வேண்டுமா, எங்கே படிக்கலாம், படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். வீட்டில் "பேசாமல் பி.எட். சேர்" என்கிறார்களாம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். பழைய சென்னைக்காரர்கள் எழும்பூர் மியூசியத்தைச் "செத்த காலேஜ்" என்பார்கள். மிருகக்காட்சிசாலை "உயிர் காலேஜ்". 1851இல் தொடங்கிய மியூசியத்துக்கு முதல் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் அதே வளாகத்தில் மிருகங்களையும் வைத்திருந்தார். அப்புறம்தான் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்தன. எனக்கு இந்தத் துறையில் வேலை கிடைத்தபோது என் பாட்டி கேட்ட ஒரே கேள்வி, "செத்த காலேஜ்லயா?" என்பதுதான். இருபது வருஷத்துக்குப் பிறகு யோசித்தால் "காலேஜ்" என்ற பாதி சரிதான் என்று தோன்றுகிறது. எனக்குத் தெரிந்த தொழிலில் முக்கால்வாசியைக் கிடங்கிலும் பதிவேட்டிலும்தான் கற்றேன்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது எம்.ஏ. கட்டாயமில்லை, பயிற்சி கட்டாயம். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பலர் இரண்டு வருஷத்தையும் பணத்தையும் விடுகிறார்கள்.

நம் ஊர் அரசு அருங்காட்சியகத் துறையில் காப்பாட்சியர் பணி பாடவாரியானது. தொல்லியல், மானிடவியல், நாணயவியல், விலங்கியல், தாவரவியல், நிலவியல், வேதியியல் பாதுகாப்பு என்று பிரிவுகள் இருக்கின்றன. விலங்கியல் பிரிவுக்கு விலங்கியல் படித்தவரைத்தான் தேடுவார்கள். அந்த இடத்தில் மியூசியாலஜி பட்டம் கூடுதல் தகுதி, அவ்வளவுதான். அதனால் வரலாறு என்ற உங்கள் அடித்தளத்தை விட்டுவிடாதீர்கள். அதற்குள்ளேயே ஒன்றைப் பிடித்து ஆழமாகப் போங்கள். கல்வெட்டு, நாணயம், படிமக்கலை (சிலையின் கை, ஆயுதம், நிற்கும் விதம் பார்த்து அது யார் என்று சொல்லும் படிப்பு), எதுவானாலும் சரி. "எல்லாம் கொஞ்சம் தெரியும்" என்று வருபவரை மூன்றாவது நாளே ஒரு நாணயப் பை காட்டிக்கொடுத்துவிடும். பை நிறைய ஒட்டிப்போன செப்புக்காசு. எது சோழர் காசு, எது நாயக்கர் காசு என்று பிரிக்கச் சொன்னால் அங்கேயே திணறல்தான்.

சரி, பயிற்சி என்றால் என்ன? பதிவேட்டிலிருந்து தொடங்குகிறேன். மியூசியத்துக்குள் வரும் ஒவ்வொரு பொருளும் அக்செஷன் ரிஜிஸ்டரில் ஏறும். எண், வந்த தேதி, வந்த வழி, விவரம், அளவு, நிலை என்று பத்திகள் இருக்கும். நான் பார்த்த ஒரு பழைய பதிவேட்டில் ஒரு வரி: "சாமி சிலை, ஒன்று, பழையது." அவ்வளவுதான். யாராவது அந்தச் சிலையை எடுத்துவிட்டு வேறொரு சாமியை வைத்தாலும் அந்த வரி உண்மையாகவே இருக்கும். இப்போது அதே பொருளை இப்படி எழுதிப் பாருங்கள்: "சோமாஸ்கந்தர், உலோகம். சிவன் பின்கைகளில் மான், மழு. முன் வலக்கை அபயம். ஸ்கந்தர் உருவம் இல்லை. பீடத்தில் அது பொருந்தியிருந்த துளை மட்டும் உள்ளது. உமையின் இடக்கைச் சுண்டுவிரல் முறிந்துள்ளது, முறிவு பழையது. பீடத்தின் பின்புறம் வெளிர்பச்சைப் புள்ளிகள்." கூடவே செ.மீ.யில் உயரம், அகலம், கிராம் கணக்கில் எடை, நான்கு பக்கமும் படம். இது வேறெந்தச் சிலைக்கும் பொருந்தாது. இப்படி நூறு பதிவு எழுதியவருக்கும் பத்து புத்தகம் படித்தவருக்கும் வித்தியாசம் ஐந்து நிமிஷப் பேச்சில் தெரிந்துவிடும்.

இந்த வரிகளுக்கு எவ்வளவு விலை என்பதை ஸ்ரீபுரந்தான் நடராஜர் காட்டினார். அரியலூர் மாவட்டத்துக் கோயிலிலிருந்து திருடுபோன அந்தச் சிலையை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரும் அதே நாட்டில் இன்னொரு கலைக்கூடத்துக்குப் போயிருந்தார். 2014இல் இரண்டும் திரும்பி வந்தன. இதுபோன்ற வழக்குகளில் பெரிய கைகொடுத்தது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படக் கருவூலம். யாரோ ஒருவர் 1950களிலிருந்து ஊர் ஊராகப் போய்க் கோயில் சிலைகளைப் படமெடுத்து, ஊர் பெயரும் தேதியும் குறித்து வைத்திருந்ததால்தான் "இது எங்கள் சாமி" என்று நம்மால் நிரூபிக்க முடிந்தது. ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரலாற்றைத் தேடுவது இன்று உலகம் முழுக்க ஒரு தனி வேலையாகிவிட்டது. தமிழும் படிமக்கலையும் தெரிந்து, கோயில் ஆவணங்களையும் படிக்கத் தெரிந்தவர்கள் அதில் மிகக் குறைவு. வரலாறு படித்த உங்களுக்கு அங்கே ஒரு கதவு இருக்கிறது.

பதிவேட்டுக்கு அடுத்தது எண் எழுதுவது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் என் முதல் தவறு இதில்தான். பயிற்சிக்குப் போயிருந்த ஒரு சின்ன மியூசியத்தில் சுடுமண் பொம்மை ஒன்றுக்கு எண் போடச் சொன்னார்கள். நான் மார்க்கர் பேனாவை எடுத்து முதுகில் அழகாக எழுதினேன். சுடுமண்ணில் நுண்துளைகள் உண்டே, மை உள்ளே இறங்கிவிட்டது. எங்கள் மூத்தவர் திட்டவில்லை. "இனி இந்தப் பொம்மை இருக்கிற வரைக்கும் உன் கையெழுத்தும் இருக்கும்" என்றார். அது இன்னும் இருக்கிறது.

முறை இதுதான்: முதலில் பார்வையில் படாத ஓர் இடமாகப் பார்த்து, பாரலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து மெல்லிசாக ஒரு பூச்சு. காய்ந்த பிறகு அதன் மேல் எண். அதற்கு மேல் இன்னொரு பூச்சு. வேண்டாமென்றால் அசிட்டோன் தொட்டு மொத்தத்தையும் எடுத்துவிடலாம். துணியென்றால் பருத்தி நாடாவில் எண்ணை எழுதி, இரண்டு தையல் போட்டு இணைக்க வேண்டும். காகிதமென்றால் பென்சில். எதைச் செய்தாலும் நாளைக்கு இன்னொருவர் அதைக் கழற்ற முடிய வேண்டும். எழும்பூரில் இருக்கும் அமராவதிச் சிற்பங்கள் இதற்குப் பெரிய பாடம். 19ஆம் நூற்றாண்டில் அந்தச் சுண்ணாம்புக்கல் பலகைகளைப் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்து சாந்து பூசிச் சுவரில் பதித்தார்கள். ஈரமும் உப்பும் சுவர் வழியாகக் கல்லுக்குள் ஏறின. அந்தத் தலைவலி பின்னால் வந்த தலைமுறைகளுக்கு.

மியூசியத்துக்குப் பொருள் எப்படி வருகிறது என்பது எந்த வெளிநாட்டுப் பாடத்திட்டத்திலும் நம் ஊர் முறைப்படி இருக்காது. இங்கே பாதிக் கதை 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தில் தொடங்குகிறது. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ வயலை மட்டப்படுத்தும்போதோ கடப்பாரையில் 'ணங்' என்று ஏதோ படும். ஊர் கூடும், யாராவது மஞ்சள் பூசிக் கற்பூரம் காட்டிவிடுவார்கள். அப்புறம் வி.ஏ.ஓ., தாசில்தார், கலெக்டர் என்று போய், முடிவில் மியூசியத்துக்குக் கடிதம் வரும். நான் ஒருமுறை தாலுகா அலுவலகத்துக்குச் சிலை வாங்கப் போனபோது அது சாக்குப்பையில் சுற்றி, பழைய ஃபைல் கட்டுகளுக்கு நடுவே இருந்தது. அங்கே என் படிமக்கலை அறிவுக்கு வேலையே இல்லை. எந்த சர்வே எண், எத்தனை அடி ஆழம், பக்கத்தில் பானை ஓடு இருந்ததா, கூடக் கிடைத்தவை எல்லாம் வந்துவிட்டனவா என்று அந்த வி.ஏ.ஓ.வை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துக் கேட்பதுதான் வேலை. அன்றைக்குக் கேட்காவிட்டால் அந்தத் தகவல் போனது போனதுதான். இன்னொன்று: சிலையைத் தூக்கும்போது திருவாசியை (சிலையைச் சுற்றியிருக்கும் வளைவு) பிடித்தோ கையைப் பிடித்தோ தூக்கக் கூடாது. அடிப்பீடத்தில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்க வேண்டும். எந்த அலுவலகத்திலும் யாராவது ஒருவர் கையைப் பிடித்துத்தான் தூக்க வருவார், தயாராக இருங்கள்.

பாதுகாப்பு வேலை, அதாவது கன்சர்வேஷன், தனிப் பாதை. வெண்கலத்தில் வெளிர்பச்சையில் பொடிப்பொடியாக உதிரும் புள்ளிகளைப் பார்த்தால் அது சாதாரணக் களிம்பு இல்லை. மண்ணிலிருந்து ஏறிய குளோரைடு, ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்து தின்கிறது. வெண்கல நோய் என்பார்கள். பெட்டிக்குள் ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குள் வைத்தால் அடங்கும். சென்னைக் கடற்காற்றில் அதைச் செய்து பார்த்தால்தான் கஷ்டம் புரியும். எழும்பூரில் 1930களிலேயே இதற்கென்று வேதியியல் ஆய்வகம் வைத்து, எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் வெண்கலங்களைச் சுத்தம் செய்தார். இன்று லக்னோவில் தேசிய அளவில் இதற்கென்றே ஒரு ஆய்வகம் (1976இலிருந்து) இருக்கிறது. இந்தப் பக்கம் போக வேதியியல் அடிப்படை வேண்டும். வரலாறு படித்தவர் காகிதம், ஓலைச்சுவடி, துணி ஆகியவற்றின் தடுப்புப் பாதுகாப்பைக் கற்றுக்கொண்டால் போதும். வெளிச்சம் 50 லக்ஸை (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டாமல் பார்ப்பது, பகலில் ஏ.சி. போட்டு இரவில் நிறுத்துகிற பழக்கத்தை எதிர்த்துச் சண்டை போடுவது, வெள்ளிமீன் பூச்சி வருகிறதா என்று மூலையில் பொறி வைத்துப் பார்ப்பது. உலோகத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். எலுமிச்சை, புளி, விபூதி என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள், கேட்டுக்கொண்டு சும்மா இருங்கள்.

இப்போது படிப்பு. இந்தியாவில் மியூசியாலஜியைப் பல்கலைக்கழகப் பாடமாகத் தொடங்கியதில் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகம் முன்னோடி, 1952. கல்கத்தா, பனாரஸ், அலிகார் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. டெல்லியில் தேசிய அருங்காட்சியகத்தோடு சேர்ந்து 1989இல் வந்த நிறுவனம் இப்போது இந்திய மரபு நிறுவனம் என்ற பெயரில் நொய்டாவில் இருக்கிறது. கலை வரலாறு, பாதுகாப்பு, மியூசியாலஜி மூன்றுக்கும் தனித்தனி எம்.ஏ. இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே இருக்க வேண்டுமென்றால் மாநிலத் தொல்லியல் துறையின் கீழ் தமிழ்நாடு தொல்லியல் மற்றும் அருங்காட்சியகவியல் நிறுவனம் தொல்லியல், கல்வெட்டியல், மரபு மேலாண்மையும் அருங்காட்சியகவியலும் என்று இரண்டு வருஷ முதுநிலை டிப்ளமோ நடத்துகிறது. உங்கள் நிலையில் நான் இருந்தால் முதல் விண்ணப்பம் அங்கேதான் போடுவேன். ஏற்கெனவே எம்.ஏ. இருக்கிறவருக்கு இன்னொரு எம்.ஏ.யை விட அகழாய்வுக் குழியும் கல்வெட்டு மைப்படியும் (எழுத்தை மை தடவிக் காகிதத்தில் எடுக்கும் படி) கைக்கு வரும் டிப்ளமோ மேல். டெல்லிப் பக்கம் போனால் கிடைக்கும் தொடர்புகள் வேறு, அதை மறுக்கவில்லை. தேசிய அளவில் பெரிய மியூசியங்களில் வேலை பார்க்க ஆசையென்றால் அங்கே போவதுதான் சரி.

எங்கே சேர்வதாக இருந்தாலும், சேருவதற்கு முன் அங்கே படித்துமுடித்த ஒருவரைப் பிடித்து இரண்டு கேள்வி கேளுங்கள். இரண்டு வருஷத்தில் கிடங்குக்குள் எத்தனை வாரம் இருந்தீர்கள்? கையால் எத்தனை பொருளைத் தொட்டீர்கள்? பதில் "ஒரு கல்விச்சுற்றுலா போனோம்" என்று வந்தால் வேறு இடம் பாருங்கள். அருங்காட்சியகம் என்றால் என்ன என்று உலக அருங்காட்சியகக் குழு 2022 ஆகஸ்டில் பிராக் நகரில் புதிதாக வரையறுத்ததை எல்லா இடத்திலும் சொல்லித்தருவார்கள். தேர்வுக்கு வேண்டும், படித்துக்கொள்ளுங்கள். பொம்மையில் எண் எழுத அது உதவாது.

வெளிநாட்டுப் படிப்பு? இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1966 முதல் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது, நல்ல துறை. ஆனால் கடன் வாங்கிப் போகாதீர்கள். படிப்பு முடிந்ததும் அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஆறு மாத, ஒரு வருஷ ஒப்பந்த வேலை. விசா கணக்கு அதற்கு ஒத்துவராது. திரும்பி வந்தால் இங்கே கிடைக்கும் சம்பளத்தில் அந்தக் கடனை அடைக்கவும் முடியாது. உதவித்தொகை கிடைத்தால் யோசிக்காமல் போங்கள். சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை கலை, மரபுப் பாதுகாப்புப் பக்கம் உள்ளவர்களுக்கு உதவுகிறது. பிரிட்டிஷ் மியூசியம் 2006 முதல் ஒரு சர்வதேசப் பயிற்சித் திட்டம் நடத்துகிறது. அது ஏற்கெனவே மியூசியத்தில் வேலை பார்ப்பவர்களுக்கானது. நான்கைந்து வருஷம் கழித்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு இனிப்பான பதில் என்னிடம் இல்லை. மாநிலத்தில் சென்னையைத் தவிர இருபதுக்கும் மேற்பட்ட மாவட்ட அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. பலவற்றில் ஒரு காப்பாட்சியர்தான் இருப்பார். கிடங்கு, காட்சிக்கூடம், பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி, தோட்டத்துக்குத் தண்ணீர் எல்லாமே அவர் பாடு. டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கை வருஷாவருஷம் வராது. வந்தால் இடங்களும் சொற்பம். அறிவிக்கையில் கல்வித்தகுதிப் பத்தியை வரிவரியாகப் படியுங்கள். "அதற்கு இணையான பட்டம்" என்ற ஒரு சொற்றொடரில் நல்ல பையன்கள் தள்ளுபடியானதைப் பார்த்திருக்கிறேன். கூடவே யு.ஜி.சி. நெட் தேர்வை மியூசியாலஜி பாடத்திலோ வரலாற்றிலோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஆசிரியப் பணியோ ஆய்வு உதவித்தொகையோ வந்தால் கையில் இருக்கும். பி.எட். போகச் சொல்லும் வீட்டாருக்கும் அதை ஒரு சமாதானமாகக் காட்டலாம்.

அரசு வேலைக்குக் காத்திருக்கும் காலத்தில் சும்மா இருக்க வேண்டியதில்லை. முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி கட்டிய இடம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அச்சுக் காகிதத்தைக் காப்பதையும் மின்னாக்கத்தையும் கண்ணால் பார்க்கலாம். பெங்களூரில் கலைக்கும் புகைப்படத்துக்குமான மியூசியம் 2023இல் பார்வையாளருக்குத் திறந்தது. அங்கெல்லாம் வடிவமைப்பு, பள்ளி மாணவர்களுக்கான நிகழ்ச்சிகள், மின்பதிவு என்று புதுவகை வேலைகள் இருக்கின்றன. மத்திய அரசு மியூசியங்கள் ஜதன் என்ற மென்பொருளில் பதிவுகளை ஏற்றுகின்றன. அதுபோன்ற திட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பார்கள். சம்பளம் சுமார், சமயத்தில் மூன்று மாதம் கழித்துத்தான் வரும். ஆனால் ஆயிரம் பொருளுக்குப் பதிவு எழுதிய கை உங்களுடையதாகிவிடும்.

எழுதத் தெரிந்திருப்பதும் பெரிய பலம். இதை யாரும் சொல்வதில்லை. நம் காட்சிக்கூடங்களில் சிலைக்குக் கீழே "நடராஜர், வெண்கலம், கி.பி. 11ஆம் நூற்றாண்டு, சோழர்" என்று ஒரு அட்டை இருக்கும். பக்கத்துச் சிலைக்கும் அதே அட்டைதான், பெயர் மட்டும் வேறு. அட்டையைப் படிப்பவர் நடராஜர் என்று ஏற்கெனவே தெரிந்தவர்தான். "காலுக்கடியில் கிடப்பவன் முயலகன். அவன் முகத்தைக் குனிந்து பாருங்கள், சிரிக்கிறான்" என்று ஒரு வரி எழுதினால் குழந்தை குனியும், பின்னாலேயே அப்பாவும் குனிவார். முதலில் அந்தச் சிலையின் முயலகன் நிஜமாகவே சிரிக்கிறானா என்று நீங்கள் குனிந்து பார்த்திருக்க வேண்டும், அது வேறு. கீழடியில் செட்டிநாட்டு வீடு போலக் கட்டி 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்துக்குப் போனால், மக்கள் எந்த இடத்தில் நின்று படிக்கிறார்கள், எங்கே படமெடுத்துக்கொண்டு நகர்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் வேடிக்கை பாருங்கள். உங்களுக்கு மதுரையிலிருந்து பஸ் தூரம்தான்.

அதைவிடப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. தமுக்கம் பக்கம் ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959இல் நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம். அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகமும் உண்டு. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணி அங்கே காட்சியில் இருக்கிறது. ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, கூட்டமில்லாத செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில் போங்கள். துணியின் மேல் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது? பெட்டிக்குள் அது எதன் மேல் கிடக்கிறது, மடிப்பு எங்கே வருகிறது? கறை எந்த நிறமாக மாறியிருக்கிறது? அட்டையில் என்ன எழுதியிருக்கிறார்கள், வருகிறவர்கள் அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், குரலைத் தாழ்த்துகிறார்களா? கேட்காமல் எதையும் தொடாதீர்கள், படமும் எடுக்காதீர்கள். பார்த்ததை மட்டும் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்.

பிறகு அரசு அருங்காட்சியகத்துக் காப்பாட்சியரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி, வாரம் ஒரு நாள் வந்து பதிவேட்டு வேலையில் உதவலாமா என்று கேளுங்கள். கடிதம் கேட்பார்கள், உங்கள் கல்லூரித் துறைத்தலைவரிடம் வாங்கிக்கொண்டு போங்கள். முதல் தடவை "அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். பத்து நாள் கழித்து மறுபடி போங்கள்.